தானி என்றால் தண்ணீர் அல்ல

போன வாரம், என்னிடம் கட்டட வேலை பழகிய உங்களில் இரண்டு பேர் ஒரு வரைபடத்தோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். ஜொகூர் பாரு அருகே தம்போயில் ஒரு வீட்டில் கார் கொட்டகையை அறையாக மாற்றும் வேலை. கொட்டகையின் பின்சுவர்தான் பக்கத்து மனைக்கும் எல்லை. நான் வழக்கம்போல் எண்ணிப் பார்த்தேன். விளக்கு ஆறு, மின்விசிறி இரண்டு, சன்னல் மூன்று. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட ஓர் அம்புக்குறிகூட இல்லை.

"மழை எங்கே போகும்?" என்று கேட்டேன்.

"கூரைத் தண்ணியைப் பிடிக்கப் பின்னாடி ஒரு பீலி போட்டுறலாம் சார்."

"பீலி எங்கே தொங்கும்?"

"சுவத்துக்கு வெளியே."

"அந்த வெளி யாருடையது?"

"ஆறு இஞ்சுதானே சார், பக்கத்து வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாருலா," என்று சொல்லிவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்குத்தான் நிம்மதி போயிற்று. அந்த ஆறு அங்குலத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் நான் இருமிக் கெடுத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். நான் அப்போது பொதுவேலை அலுவலகத்தில் ஓவர்சியர். வெள்ளைக்காரத் துரைகள் போன பிறகு மேசைகள் மாறவில்லை, மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் மாறினார்கள். ஜொகூர் பாருவை விட்டுத் தம்போய் பக்கம் வரும் சாலையில், ஊரைவிட்டு ஓடிப்போன ஒருவரின் பெரிய பங்களா இருந்தது. அதை ஒரு ஜப்பானிய அதிகாரி எடுத்துக்கொண்டார். பங்களாவை ஒட்டி ஒரு கார் கொட்டகை. கார் இல்லை, பெட்ரோலும் இல்லை. அந்தக் கொட்டகையை மருந்து வைக்கும் அறையாக மாற்ற வேண்டும் என்று எனக்கு உத்தரவு வந்தது.

கொட்டகைக்கு ஒரே சரிவுக் கூரை. மழைத் தண்ணீர் முன்பக்கம், வாசலில் கொட்டும். காருக்கு அது பரவாயில்லை. மருந்துப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் தலையில் கொட்டினால் பரவாயில்லையா? அதிகாரி வாசலைக் காட்டி உடைந்த மலாயில் சொன்னார்: "ஆயர், சினி, தா போலே." தண்ணீர் இங்கே கூடாது. பிறகு பின்பக்கம் கையைக் காட்டினார். சரிவைத் திருப்பிவிடு, தண்ணீர் பின்னால் போகட்டும்.

பின்னால் என்றால் ராவுத்தர் வீடு.

ராவுத்தர் சண்டைக்கு முன்பு சாப்பாட்டுக்கடை நடத்தியவர். அரிசி கிடைக்காமல் போன பிறகு அதே கடையில் மரவள்ளிக்கிழங்குப் புட்டும் கறுப்புக் காப்பியும் விற்றார். கொட்டகையின் பின்சுவருக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து, ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கிற அகலம். சந்து அவருடையது. அந்தப் பக்கம் அவருடைய வீட்டுச் சுவர் முழுக்க மண்ணால் எழுப்பியது, மேலே சுண்ணாம்பு. கூரைத் தண்ணீர் முழுவதும் அந்தச் சந்தில் விழுந்தால் ஒரு மழைக்காலம்கூடச் சுவர் தாங்காது.

அதைத்தான் நான் அதிகாரியிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த மலாய், கொஞ்சம் கைஜாடை. அவர் சந்தை எட்டிப் பார்த்தார். மண்சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இனி ருமா, புவாங்," என்றார்.

இந்த வீட்டைத் தூக்கிப் போடு என்று பொருள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பாதையில் கிடக்கும் கல்லைத் தள்ளு என்பதுபோலச் சொன்னார். முதல் பெரிய மழையன்று தாமே வந்து பார்ப்பதாகவும், தண்ணீர் அந்தப் பக்கம் விழுந்தால் அன்றே வீட்டை இடிப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

ராவுத்தர் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓவர்சியர் தம்பி, அவன் என்னமோ புவாங்னானே, எதை?"

நான் சொல்லத் தயங்கினேன்.

"சும்மா சொல்லுங்க. மலாய் எனக்கும் தெரியும்லா. என் வாயால சொல்ல வேணாமேன்னு பார்த்தேன்." வீட்டைத் திரும்பிப் பார்த்து, "அஞ்சு புள்ளைங்க. இந்த வீட்டை விட்டா எங்க போறது? இன்னிக்கு வீடில்லாம ரோட்டுல நிக்கிறவனை எங்க ஏத்தி அனுப்புறாங்கன்னு உங்களுக்கே தெரியும்," என்றார்.

தெரியும். சயாமில் ரயில்பாதை போட. தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகப் போனார்கள்; திரும்பி வந்தவர்கள் குறைவு.

இப்போது நீங்கள் என்ன நினைப்பீர்களோ அதையேதான் நாங்களும் நினைத்தோம். பீலி. தண்ணீர் பின்பக்கம் வரட்டும், சுவருக்கு உட்புறமாகவே ஒரு பீலியைப் பதித்து, தண்ணீரைப் பக்கவாட்டில் இழுத்து, நம்முடைய மனையிலேயே இறக்கிவிடலாம். புதுத் தகரம் எங்கும் இல்லை. தகரவேலைக்கு மருதை என்று ஒருவர் இருந்தார். கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். மண்ணெண்ணெய் டின்களை வெட்டி, தட்டி நிமிர்த்தி, ஈயம் பற்றவைத்துப் பீலி செய்தார். இருபத்திரண்டு டின்கள். எண்ணினேன். இணைப்புகள் இருபத்தொன்று. அந்த இருபத்தொன்றும் ஒழுகக்கூடிய இடங்கள்.

வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தோம். நாலு இணைப்பு ஒழுகியது. அதை அடைத்தோம். மறுபடி ஊற்றினோம். ஒழுகவில்லை. அன்று காற்றில் பக்கத்து ரப்பர் மரத்திலிருந்து பறந்து வந்த இலை ஒன்று பீலியின் வாயில் போய் உட்கார்ந்தது. ஒரே இலை. தண்ணீர் நின்றது, ஏறியது, சுவருக்கு மேலே வழிந்து நேராகச் சந்தில் விழுந்தது.

"அலமாக்!" என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் ராவுத்தர். "மருதை, எனக்குக் குளிக்க வேணும்னா நானே கிணத்துக்குப் போவேன்யா."

இங்கே நின்று ஒரு விஷயம் சொல்லிக்கொள்கிறேன். பீலி நன்றாக ஓடும்போது தண்ணீர் எங்கே போகும் என்று எல்லோரும் வரைவார்கள். பீலி அடைத்துக்கொள்ளும் நாளில் தண்ணீர் எங்கே போகும் என்று வரைகிற ஆளைத்தான் நான் ஓவர்சியர் என்பேன். எல்லைச் சுவரில் அந்தக் கேள்விக்கு இரண்டே பதில்கள். ஒன்று, உங்கள் அறைக்குள். இல்லையென்றால், அடுத்தவன் வீட்டுக்குள்.

ஆகவே பீலியைக் கைவிட்டேன். கூரையையே திருப்பினால் என்ன? சரிவு முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். முகடு வாசலிலிருந்து பின்சுவருக்கு ஓடட்டும். தண்ணீர் இடது பக்கமும் வலது பக்கமும் விழட்டும். இரண்டு பக்கமும் பங்களாவின் மனைதான். ராவுத்தர் பக்கம் வெறும் முக்கோணச் சுவர் மட்டும் நிற்கும். பீலியே தேவையில்லை. இதை நினைத்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அது வெகுநேரம் நிலைக்கவில்லை.

இடது பக்கம் ஒரு சிக்கல் இருந்தது. பங்களாவிலிருந்து கொட்டகைக்கு ஒரு நடைபாதை, அதற்கும் தகரக் கூரை. கொட்டகையின் புதிய சரிவு வந்து அந்தக் கூரையோடு மோதும். சரி, அங்கே ஒரு டின் தகரத்தை மடித்து வைத்துச் சமாளிக்கலாம் என்று கைமரங்களைத் திருப்பிப் போட்டு, தகரத்தையும் ஏற்றினோம்.

அன்று அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் வந்துவிட்டார். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு இடுப்பை வளைத்து வணங்கினோம். அவர் எங்களைக் கவனிக்கவில்லை. நடைபாதைக்குள் போய், குந்தி உட்கார்ந்து, கீழிருந்து மேலே பார்த்தார். எனக்கு அது விநோதமாக இருந்தது. அதிகாரிகள் கூரையை வெளியே நின்று பார்ப்பார்கள். குந்திக்கொண்டு உள்ளேயிருந்து பார்க்கிறவன் கூரை வேலை தெரிந்தவன்.

பிறகு எழுந்து மருதையைப் பார்த்துக் கேட்டார்:

"தானி வா நாய்?"

மருதையின் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "தண்ணி வா நாய்ங்கறான் ஐயா. தண்ணி கேக்கறவன் மரியாதையாக் கேக்கக் கூடாதா? இவனுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தவன் எவன்?" என்றார்.

"பேசாம கொண்டு வந்து குடும்."

ஓடிப்போய்த் தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அதிகாரி குவளையைப் பார்த்தார். மருதையைப் பார்த்தார். கன்னத்தில் அறை விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் குவளையை வாங்கி, சாரத்தில் ஒரு கால் வைத்து ஏறி, கொட்டகைக் கூரையும் நடைபாதைக் கூரையும் சேருகிற மடிப்பில் அந்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். தண்ணீர் மடிப்பில் ஓடி, டின் தகரத்துக்கு அடியில் நுழைந்து, நடைபாதைத் தரையில் சொட்டியது. சரியாக நடு வழியில், மருந்துப் பெட்டி போகிற வழியில்.

அவர் ஈரத் தரையைக் காட்டி, "மிசு," என்றார். மடிப்பைக் காட்டி, "தானி," என்றார். பிறகு, "தானி, தாமே," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தாமே என்றால் கூடாது; அந்தச் சொல் ஊருக்கே தெரியும். அதன் பின்னால் பெரும்பாலும் அறை வரும். அன்று வரவில்லை. மருதைக்குத் தைரியம் திரும்பியது. "பார்த்தீங்களா? தண்ணி தாமே போயிரும்னு சொல்லிட்டான். வேலை முடிஞ்சிச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் மாலையில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போக வேண்டும். மிசு என்றால் தண்ணீர் என்று அங்கே படித்திருந்தேன். தரையில் கிடந்த தண்ணீரை மிசு என்றவர், மடிப்பை ஏன் தானி என்றார்? அப்படியானால் அவர் முதலில் கேட்டது தண்ணீரே இல்லை. அப்புறம் அந்த நாய்? வகுப்பில் 'இல்லை' என்பதற்கு நாய் என்று படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏதோ ஒன்று இல்லையா என்று கேட்டிருக்கிறார். எது?

அன்று மாலை வகுப்பில் வாத்தியாரிடம் தானி என்றால் என்ன என்று கேட்டேன். அவர் பலகையில் இரண்டு மலைகளை வரைந்து, நடுவே உள்ள பள்ளத்தைக் காட்டினார். பள்ளத்தாக்கு.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இரண்டு சரிவுகள் கீழே சேருகிற மடிப்பு. கூரையின் பள்ளத்தாக்கு. எந்தக் கூரையும் முதலில் ஒழுகுகிற இடம் அதுதான். 'தானி வா நாய்?' என்று அவர் கேட்டது, 'இந்தக் கூரையில் பள்ளம் ஒன்றும் இல்லையே?' என்று. கூரைக்காரன் கேட்கிற கேள்வி. அவர் ஊரில் யாராக இருந்தார்? கூரை வேய்கிறவர் மகனா? தச்சனா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க முடிகிற காலம் இல்லை அது. ஆனால் ஒன்று புரிந்தது. எந்தப் பாஷையில் பேசினாலும் காது கொடுக்காத மனிதருக்கு, கூரையை வைத்துச் சொன்னால் கேட்கும்.

பள்ளமே இல்லாமல் செய்ய ஒரே வழிதான். நடைபாதைக் கூரையைக் கொட்டகையோடு சேர்க்கக் கூடாது. அதைத் தாழ்த்தி, கொட்டகைக் கூரையின் ஓரத்துக்கு அடியில் செருகிவிட வேண்டும். மேலே இருந்து விழும் தண்ணீர் கீழ்க் கூரையில் விழுந்து இரண்டு பக்கமும் ஓடிவிடும். மடிப்பும் இல்லை, ஒழுக்கும் இல்லை. அளந்து பார்த்தேன். நான் நிமிர்ந்து நடக்கலாம். அதிகாரி என்னைவிட உயரம். ஒவ்வொரு தடவையும் அவர் தலை குனிந்துதான் உள்ளே போக முடியும்.

மருதை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஊரையே குனிய வச்சவன், நம்ம தகரத்துக்குக் குனியப் போறான்!" பிறகு அவருக்கே பயம் வந்துவிட்டது. "ஐயா, சொல்லாதீங்க. கட்டி முடிச்சிருவோம். அப்புறம் தெரிஞ்சாத் தெரியட்டும்."

இந்த இடத்தில்தான் நான் மிகவும் யோசித்தேன். சொல்லாமல் கட்டினால், முதல் நாள் அவர் நெற்றி தகரத்தில் இடிக்கும். கோபம் வந்த மனிதருக்கு எது சுலபம்? நடைபாதையை முன்போல உயர்த்து, சரிவைப் பின்னால் திருப்பு, ராவுத்தர் வீட்டை இடி. மூன்றே கட்டளை. இடி விழுவது என் தலையில் இல்லை. ராவுத்தர் தலையில். ஆகவே கட்டுவதற்கு முன் சொல்லியாக வேண்டும்.

மருதை டின் தகரத்தில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு கூரைகள் செய்து கொடுத்தார், ஒன்றின் ஓரத்துக்குக் கீழே மற்றொன்று. அதிகாரி வந்ததும் வணங்கிவிட்டு, அதை நீட்டி, "தானி நாய்," என்றேன். பள்ளம் இல்லை. குவளைத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். அடியில் வைத்திருந்த காகிதம் நனையவில்லை. அவர் காகிதத்தைத் தடவிப் பார்த்தார்.

பிறகு மருதையை ஒரு மூங்கிலைக் குறுக்கே பிடிக்கச் சொன்னேன், கூரை வரப்போகிற உயரத்தில். நான் தலையைத் தொட்டுக் காட்டி, அதிகாரியைக் காட்டி, குனிந்து அதன் அடியில் நடந்து காட்டினேன். நீங்கள் இப்படித்தான் போக வேண்டும்.

வேலிக்கு அப்பால் ராவுத்தர் புட்டுக் குழலைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

அதிகாரி மூங்கிலின் முன் வந்து நின்றார். தொப்பி மூங்கிலில் இடித்தது. கையால் மூங்கிலைச் சற்று மேலே தூக்கிப் பார்த்து, மேலே கொட்டகைக் கூரையின் ஓரத்தையும் பார்த்தார். இன்னும் உயர்த்தினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதை அவர் கண் கண்டுகொண்டது. மூங்கிலைப் பழைய உயரத்துக்கே இறக்கினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்து, அந்தப் பக்கம் போனார். திரும்பிக் குனிந்து இந்தப் பக்கம் வந்தார்.

"யோஷி," என்றார். சரி.

ராவுத்தர் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் அந்தப் பக்கம் கை காட்டி, தண்ணீர் அங்கே போகாது என்றேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வேலை விவரத்தை விட்டுவிடுகிறேன், அது உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லைச் சுவர்மேல் வரும் தகரத்தின் ஓரத்தை ஒரு விரல் உயரத்துக்கு மேல்நோக்கி மடித்தோம். காற்று தள்ளினாலும் தண்ணீர் அந்த மடிப்பைத் தாண்டக் கூடாது. சுவருக்கு வெளியே ஒரு நூல்கூட நீட்டவில்லை.

வடகிழக்கு மழை ஒரு மத்தியானம் பிடித்தது. வானத்தையே கவிழ்த்ததுபோல. நான் குடையில்லாமல் ஓடினேன். எனக்கு முன்பே அதிகாரி வந்திருந்தார். கூடவே நாலு ஆட்கள், நாலு கடப்பாரை. கடப்பாரைகளை நான் இரண்டு தடவை எண்ணினேன். ராவுத்தர் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி சட்டிபானைகளைப் புடவையில் கட்டி மூட்டையாக வைத்துக்கொண்டு, பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தியிருந்தார்.

மழை ஓயக் காத்திருந்து, அதிகாரி சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தார். நானும் பின்னால் போனேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து மண்ணைப் பார்த்தார். எனக்கு உடனே விளங்கியது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் கீழே மண்ணில் வரிசையாகக் குழி போடும், தகரத்தின் ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு குழி. அந்த வரிசையைத்தான் தேடினார். சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலால் தடவிக்கொண்டே போனார். மண் சமமாக நனைந்திருந்தது. குழி ஒன்றுகூட இல்லை.

எழுந்து, கையிலிருந்த சேற்றை எங்கள் சுவரிலேயே துடைத்தார். ஆட்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் கடப்பாரைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தார்கள். அவரும் பின்னால் போய்விட்டார். நான் சந்திலேயே நின்றேன்.

ராவுத்தர் உள்ளே வந்து, தம் மண்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காலடியில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார். அது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓவர்சியர் தம்பி, இது எந்தத் தண்ணி?"

"மேலேயிருந்து நேரா விழுந்தது, பாய். கூரைத் தண்ணி இல்ல."

"அப்ப இது முழுக்க என் மழை."

"ஆமாம்."

"அவன் மழை ஒரு சொட்டுகூட இல்ல?"

"இல்ல."

அவர் குனிந்து, இரண்டு கைகளாலும் அந்தத் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"ஏ புள்ளே, மூட்டையை அவுத்துச் சட்டியை வெளிய எடு. மழை விட்டாச்சு, காப்பிக்கு ஆளு வரும்."